கூட்டு நுணுக்குக்காட்டி: மட்டக்களப்பு, அம்பாறை ஆய்வுகூடங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலை ஆய்வுகூடத்திலோ வீட்டு மேசையிலோ நுணுக்குக்காட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் உயர்தர மாணவர்களுக்கும் இந்தப் பக்கம். கீழே வரும் எண்கள் 10 மடங்குப் பார்வைத்துண்டும் 4, 10, 40, 100 மடங்குப் பொருள்வில்லைகளும் உள்ள வழக்கமான மாணவர் கருவிக்கானவை. கருவி எங்கும் ஒன்றுதான். ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில் அதைப் பேணும் விதம் வேறு. அதனால் பராமரிப்புப் பகுதியை நீளமாகவே எழுதியிருக்கிறோம்.

பாகங்களை எப்படி நினைவில் வைப்பது?

ஒளி போகும் வழியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே போங்கள். அடியில் மின்குமிழ் அல்லது ஆடி. அதற்கு மேல் டயபிரம், அதாவது ஒளிக்கூம்பின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் துவாரம். அதோடு ஒட்டியபடி ஒடுக்கி. இது ஒளியைத் திரட்டி வழுக்கியில், அதாவது மாதிரியை வைக்கும் கண்ணாடித் தகட்டில், விழுத்தும் வில்லைத்தொகுதி. பிறகு மேடை, மேடையில் வழுக்கி. வழுக்கிக்கு மேலே சுழலும் மூக்குத்துண்டில் பூட்டிய பொருள்வில்லைகள். உச்சியில் பார்வைத்துண்டு. பக்கத்தில் இரண்டு திருகுகள் உண்டு: பெரியது பருமட்டான செப்பஞ்செய்கைக்கு, சிறியது நுண்ணிய செப்பஞ்செய்கைக்கு.

பொருள்வில்லையின் கழுத்தில் உள்ள நிறவளையத்தையும் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகளில் 4 மடங்குக்குச் சிவப்பு, 10க்கு மஞ்சள், 40க்கு நீலம், 100க்கு வெள்ளை. எந்த வில்லை வழுக்கிக்கு மேலே நிற்கிறது என்பதை எழுத்தை வாசிக்காமலே அறிய இது உதவும்.

மொத்த உருப்பெருக்கம் எவ்வளவு? 2000 மடங்கு என்று விளம்பரம் செய்கிறார்களே?

பார்வைத்துண்டின் எண்ணைப் பொருள்வில்லையின் எண்ணால் பெருக்குங்கள். 10×4 = 40, 10×10 = 100, 10×40 = 400, 10×100 = 1000.

ஆனால் பெரிதாகத் தெரிவது ஒன்று, பிரிந்து தெரிவது இன்னொன்று. 40 மடங்குப் பொருள்வில்லையில் 40/0.65 என்று பொறித்திருக்கும். இந்த 0.65, வில்லை எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்ளெடுக்கும் என்பதைச் சொல்லும் எண். பிரிவலுவைத் தீர்மானிப்பது இதுதான். பச்சை ஒளியில் 0.65 உள்ள வில்லை ஏறத்தாழ 0.5 மைக்குரோமீற்றர் (1 மைக்குரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும்; நுனியில் எண்ணெய்த்துளியோடு பயன்படும் 100 மடங்கு வில்லை (அதன் எண் 1.25) ஏறத்தாழ 0.27 மைக்குரோமீற்றர் வரை போகும். அதற்குக் கீழே ஒளியின் அலைநீளமே தடையாக நிற்கிறது. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கிய எல்லை இது. பயனுள்ள உருப்பெருக்கம் அந்த எண்ணின் 1000 மடங்கை மிஞ்சாது என்று வைத்துக்கொள்ளலாம்: 0.65க்கு 650, 1.25க்கு 1250. 20 மடங்குப் பார்வைத்துண்டு பூட்டி 2000 என்று எழுதினால் மங்கலான உருவம் இன்னும் பெரிய மங்கலாகும். அவ்வளவுதான்.

முதன்முறை குவியப்படுத்துவது எப்படி?

பத்திரிகைத் தாளிலிருந்து சின்ன எழுத்தில் அச்சான ஒரு ‘ட’வை வெட்டி எடுங்கள். வழுக்கியில் ஒரு துளி நீர், அதன்மேல் எழுத்து, அதன்மேல் மூடித்துண்டு, அதாவது மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு. எழுத்து உங்களுக்கு நேராக நிற்கும்படி மேடையில் வைத்து இடுக்கியால் பிடிக்கச் செய்யுங்கள்.

4 மடங்கு வில்லையைக் ‘கிளிக்’ என்று விழும்வரை சுழற்றுங்கள். இப்போது பார்வைத்துண்டில் கண்ணை வைக்கக் கூடாது. தலையைப் பக்கவாட்டில் தாழ்த்தி, வில்லைக்கும் வழுக்கிக்கும் இடையிலான வெளியைப் பார்த்தபடி, பெரிய திருகால் மேடையைக் கருவி அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். அதன்பிறகே பார்வைத்துண்டுக்குள் பாருங்கள். பார்த்துக்கொண்டே மேடையை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். எழுத்து எங்காவது ஓரிடத்தில் பளிச்சென்று வரும். சிறிய திருகால் அதைக் கூர்மையாக்குங்கள்.

விலகும்போது மட்டுமே கண் உள்ளே, நெருங்கும்போது கண் வெளியே. உடைந்த வழுக்கிகளிலும் கீறல் விழுந்த 40 மடங்கு வில்லைகளிலும் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்தைத் தவறவிட்டதால் வந்தவை. பிள்ளைகளுக்கு வேறு எதையும் கற்பிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதைக் கற்பியுங்கள்.

4இல் தெளிவானதும் பார்க்க வேண்டிய பகுதியைப் புலத்தின், அதாவது உள்ளே தெரியும் ஒளிவட்டத்தின், நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியே 10க்கு மாறுங்கள், சிறிய திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்புங்கள், மறுபடியும் நடுப்படுத்துங்கள், 40க்கு மாறுங்கள். நல்ல கருவியில் ஒரு வில்லையில் குவிந்தால் அடுத்ததிலும் ஏறக்குறையக் குவிந்தே இருக்கும். 40க்கு வந்தபின் பெரிய திருகைத் தொடவே கூடாது. வில்லை நுனிக்கும் வழுக்கிக்கும் இடையே அங்கு மிஞ்சுவது ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர்தான்.

‘ட’ ஏன் கவிழ்ந்து தெரிகிறது?

பொருள்வில்லை உருவாக்கும் விம்பம் மேல்கீழாகவும் இடவலமாகவும் புரண்டது. அதனால் இடப்பக்கம் நின்ற நெடுங்கோடு வலப்பக்கமும், அடியில் கிடந்த கோடு மேலேயும் தெரியும். வழுக்கியை வலப்பக்கம் தள்ளினால் விம்பம் இடப்பக்கம் ஓடும். ஓடும் பரமீசியம் என்ற ஒருகல உயிரைத் துரத்தும்போது கை இதை மறந்துவிடும். அரைமணி நேரப் பயிற்சியில் பழகிவிடும்.

4இலும் 10இலும் நன்றாகத் தெரிகிறது, 40இல் மட்டும் குவியவே இல்லை. ஏன்?

முதலில் வழுக்கியை எடுத்துப் பாருங்கள்: மூடித்துண்டு கீழ்ப்பக்கம் இருக்கிறதா? வழுக்கியின் தடிப்பு 1 மில்லிமீற்றருக்கு மேல். அதைக் கவிழ்த்து வைத்தால் மாதிரி 1 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் போய்விடும், 0.6 மில்லிமீற்றரில் வேலைசெய்யும் வில்லை அங்கே எட்டாது. எட்டவைக்க முயன்று திருகினால் வழுக்கியில் இடிக்கும். நிரந்தர வழுக்கிகளில் பெயர்ச்சீட்டு மேல்நோக்கி இருப்பதை உறுதிசெய்வதே போதும்.

அடுத்த காரணம் தண்ணீர் அதிகமாகி மூடித்துண்டு மிதப்பது, அல்லது இரண்டு மூடித்துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்திருப்பது. வில்லையில் பொறித்திருக்கும் 0.17 என்ற எண் மூடித்துண்டின் தடிப்பை மில்லிமீற்றரில் சொல்வது. வில்லை அந்தத் தடிப்புக்காகவே கணித்துச் செய்யப்பட்டது. மூடித்துண்டு இல்லாமலோ இரட்டையாகவோ வைத்தால் 4இல் வித்தியாசம் தெரியாது, 40இல் விம்பம் பால்போல மங்கும்.

இவை இரண்டும் இல்லையென்றால் வில்லை நுனியைப் பாருங்கள். யாரோ 100க்கு எண்ணெய் போட்டுவிட்டு 40ஐ அதன்மேல் சுழற்றியிருக்கக்கூடும். 40 மடங்கு வில்லை காற்றில் பார்ப்பதற்கானது, எண்ணெய் அதன் எதிரி.

வெளிச்சம் கூட இருந்தால் நல்லதுதானே?

இல்லை. சாயமிடாத கலம் கண்ணாடிபோல ஒளியை விட்டுவிடும். டயபிரத்தை முழுக்கத் திறந்து வைத்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமே தெரியாது. மூடிக்கொண்டே வாருங்கள், கலச்சுவர் இருண்ட கோடாக எழும்பும். ஆனால் மிகவும் மூடினால் ஒவ்வொரு விளிம்பைச் சுற்றியும் பொய்யான வளையங்கள் தோன்றும், பிரிவலுவும் குறையும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: குவியப்படுத்திய பின் பார்வைத்துண்டைக் கழற்றி வெறுங் குழாய்க்குள் பாருங்கள். அடியில் ஒளிவட்டம் ஒன்று தெரியும். டயபிரத்தை மூடி, அந்த வட்டத்தின் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு மட்டும் ஒளிரும்படி வைத்துவிட்டுப் பார்வைத்துண்டைத் திரும்பப் போடுங்கள். வில்லை மாறும்போதெல்லாம் இதுவும் மாறும். பிரகாசத்தைக் குறைக்க மின்குமிழின் ஒளிக்கட்டுப்பாட்டுத் திருகைத் திருப்புங்கள், டயபிரம் அதற்கானதல்ல. ஒடுக்கி 40, 100க்கு ஏறக்குறைய உச்சியில், வழுக்கிக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். 4இல் புலத்தின் ஓரம் இருண்டால் அதைச் சிறிது இறக்கலாம்.

ஆடி பூட்டிய கருவி எங்களிடம் உள்ளது. எந்த யன்னல் நல்லது?

வெயில் நேரே விழாத, வானமோ வெள்ளைச் சுவரோ தெரியும் யன்னல். ஆடியைச் சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்ப வேண்டாம். வில்லைகள் திரட்டிய வெயில் விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த நேரம் வலிக்காது, ஆனால் போன பார்வை திரும்பாது.

குளிர்நாட்டு நூல்களில் ‘வடக்கு யன்னல் பாதுகாப்பானது’ என்று இருக்கும். இங்கே அதை நம்ப வேண்டாம். மட்டக்களப்பு ஏறத்தாழ வட அகலாங்கு 7.7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நடுப்பகற் சூரியன் எமக்கு வடக்கே நிற்கிறது. ஆண்டின் மற்றக் காலத்தில் தெற்கே. ஆகவே திசையைப் பார்க்காமல், அந்த மாதத்தில் அந்த நேரத்தில் வெயில் எங்கே விழுகிறது என்பதைப் பாருங்கள்.

ஒடுக்கி இருந்தால் தட்டையான ஆடிப்பக்கம், ஒடுக்கி இல்லையென்றால் குழிந்த பக்கம்.

வெங்காயத் தோல் வழுக்கியில் குமிழி குமிழியாக வருகிறது. எங்கே பிழை?

இரண்டு இடத்தில். தோலை உரிப்பதிலும், மூடித்துண்டை இறக்குவதிலும்.

வெங்காயத்தை நாலாகப் பிளந்து உள்ளிருக்கும் ஓர் இதழை எடுங்கள். குழிந்த உட்பக்கத்தில் பிளேட்டால் 5 மில்லிமீற்றர் சதுரமாக மெல்லக் கீறி, ஒரு மூலையை இடுக்கியால் தூக்கினால் பொலித்தீன்போல ஒரு படை வரும். அதுதான் மேற்றோல், ஒரு கலத் தடிப்பு. சதையும் சேர்ந்து வந்தால் எறிந்துவிட்டு மறுபடி எடுங்கள். பல படைக் கலங்கள் ஒன்றின்மேல் ஒன்று தெரிவது அதனால்தான். எடுத்தவுடன் வழுக்கியில் உள்ள நீர்த்துளியில் மிதக்கவிட்டு ஊசியால் மடிப்பை நீக்குங்கள். காற்றில் அரை நிமிடம் நின்றாலும் சுருண்டுவிடும்.

மூடித்துண்டின் ஓர் ஓரத்தை நீர்த்துளியில் தொட்டு, 45 பாகை சரிவில் பிடித்து, மறு ஓரத்தை ஊசியில் தாங்கி, ஊசியை மெல்ல வெளியே இழுங்கள். தொப்பென்று போட்டால் காற்று சிறைப்படும். தடித்த கரிய விளிம்புள்ள முழுவட்டம் தெரிந்தால் அது குமிழி, கலம் அல்ல. வினைத்தாளில் அதைக் கலமாக வரைந்தவர்கள் உண்டு.

சாயத்துக்கு அயடீன் கரைசலை வெளிர் சாயத்தண்ணி நிறத்துக்கு ஐதாக்குங்கள். மூடித்துண்டின் ஒரு பக்கம் ஒரு துளி வைத்து, மறுபக்கம் வடிதாளைத் தொட்டால் அது தானே உள்ளே இழுபடும். இரண்டு நிமிடத்தில் கரு மஞ்சட்கபிலமாக எழும்பும்.

வெங்காயத்தைத் தவிர இங்கே வேறு என்ன பார்க்கலாம்?

நிறைய இருக்கிறது. பாடசாலை முற்றங்களில் வளரும் றியோவின் இலையின் ஊதா நிறக் கீழ்ப்பக்கத்தை உரித்துப் பாருங்கள். சாயமே வேண்டாம். 100 கிராம் நீரில் 5 கிராம் உப்பு கரைத்து ஓரத்திலிருந்து இழுத்துவிட்டால், சில நிமிடத்தில் ஊதா நிறம் கலச்சுவரைவிட்டு விலகிச் சுருங்குவது கண்முன்னே நடக்கும். முதலுருச்சுருக்கத்தைப் படத்தில் காட்டுவதைவிட இது மேல். இடையிடையே பச்சையாகத் தெரியும் சோடிகள் இலைவாயின் காவற்கலங்கள்.

கண்டல் இலைபோல உரிக்கவராத இலைகளுக்குக் கியூட்டெக்ஸ் போதும். நிறமில்லாததை இலையின் கீழ்ப்பக்கம் மெல்லப் பூசி, 10 நிமிடம் நன்றாகக் காயவிட்டு, தெளிவான பசைநாடாவை அழுத்தி இழுத்தால் இலைவாய்களின் அச்சு நாடாவோடு வரும். அதை வழுக்கியில் ஒட்டி 10இலும் 40இலும் பார்க்கலாம்.

அரிசிமா ஒரு சிட்டிகையும் உருளைக்கிழங்கைச் சுரண்டிய சாறும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு மாப்பொருண்மணிகள் சிப்பிபோல நீள்வட்டமாக, சில 0.1 மில்லிமீற்றரைத் தொடும், அரிசியினுடையவை 0.01 மில்லிமீற்றருக்கும் குறைந்த, மூலையுள்ள சிறுமணிகள்.

எருமைத் தயிர் இன்னொரு நல்ல மாதிரி. தயிரின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஊசிமுனையளவு எடுத்து, ஒரு துளி நீரோடு கலந்து, வழுக்கியில் மெல்லிய படலமாகப் பரப்பிக் காயவிடுங்கள். சுடரின் மேலாக இரண்டு மூன்று தடவை விரைவாக நகர்த்தி ஒட்டச்செய்து, மெதிலீன் நீலம் ஒரு நிமிடம், பிறகு மெல்லிய நீரோட்டத்தில் கழுவி, காயவிட்டு, எண்ணெயோடு 1000 மடங்கில் பாருங்கள். நீலக் கோல்களும் மணிமாலைபோல் கோத்த உருண்டைகளும் பற்றீரியாக்கள். பாலைத் தயிராக்கியவை அவைதான்.

வாவித் தண்ணீரை எப்படிப் பார்ப்பது?

போத்தலில் எடுத்து, ஒரு மணிநேரம் அசையாமல் வைத்து, அடியிலிருந்து துளியாக்கியால் உறிஞ்சி ஒரு துளி வையுங்கள். கண்ணாடிப் பெட்டிபோன்ற தயற்றங்கள் என்ற ஒருகல அல்காக்கள், துள்ளித் துள்ளி ஓடும் சிறு கிறஸ்தேசியன்கள் கிடைக்கும். துளி வற்றும்போது குழாய்நீரை விடாதீர்கள். வாவிநீர் உவர், நன்னீர் பட்டால் கலங்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். அதே வாவிநீரையே விடுங்கள்.

பார்த்து முடிந்ததும் மேடையை ஈரத்துணியாலும் பிறகு உலர்துணியாலும் துடையுங்கள். உவர்நீர் ஒரு சொட்டு இடுக்கியின் வில்லுக்குள் போனால் ஒரு வாரத்தில் கறள் பிடிக்கும். கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்; ஊர்க்கழிவும் வாவிக்குள் வருகிறது.

100 மடங்குக்குத் தேங்காயெண்ணெய் போடலாமா?

வேண்டாம். எண்ணெய் இங்கே உராய்வைக் குறைக்கப் போடுவதல்ல. கண்ணாடியின் முறிவுச்சுட்டிக்கு (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்ணுக்கு) ஏறத்தாழச் சமனான 1.515 உள்ள திரவம் இடையில் நின்றால்தான் சாய்வான கதிர்கள் வளைந்து வெளியேறாமல் வில்லைக்குள் போகும். தேங்காயெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 1.45தான். விம்பம் மங்கும். அதோடு 24 பாகைக்குக் கீழே, குளிரூட்டிய அறையில், அது உறையவும் தொடங்கும்; பழசானால் பசையாகி வில்லை விளிம்பில் ஒட்டும். சிறிய போத்தல் அமிழ்ப்பு எண்ணெய் ஒன்று வருடக்கணக்காகப் போதும்.

முறை இது: 40இல் நன்றாகக் குவித்து நடுப்படுத்துங்கள். மூக்குத்துண்டை 40க்கும் 100க்கும் நடுவே நிறுத்தி, ஒளி விழும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் வைத்து, 100ஐ மெல்லச் சுழற்றி உள்ளே கொண்டுவாருங்கள். நுனி எண்ணெயைத் தொட்டதும் சட்டென்று ஒளி பரவுவது பக்கத்திலிருந்தே தெரியும். பிறகு சிறிய திருகு மட்டும். இங்கு இடைவெளி 0.2 மில்லிமீற்றருக்கும் குறைவு. எண்ணெய் போட்டபின் 40க்குத் திரும்ப வழியில்லை. மறுபக்கமாகச் சுழற்றி 4க்கு வந்து வழுக்கியை எடுங்கள். அன்றைக்கே வில்லையைத் துடையுங்கள்.

பார்ப்பதன் அளவை எப்படிக் கணிப்பது?

பார்வைத்துண்டில் 10×/18 என்று இருந்தால், 18ஐப் பொருள்வில்லையின் எண்ணால் வகுத்தால் புலத்தின் விட்டம் மில்லிமீற்றரில் வரும். 4க்கு 4.5, 10க்கு 1.8, 40க்கு 0.45, 100க்கு 0.18. எண் இல்லையென்றால் தெளிவான பிளாஸ்ரிக் அடிமட்டத்தை 4இன் கீழ் வைத்து எண்ணுங்கள். 40இல் குறுக்காக 6 கலங்கள் அடங்கினால் ஒன்றின் அகலம் 0.45 ÷ 6 = 0.075 மில்லிமீற்றர், அதாவது 75 மைக்குரோமீற்றர்.

ஒரு கரும்புள்ளி போகமாட்டேன் என்கிறது.

பார்வைத்துண்டை விரலால் சுழற்றுங்கள். புள்ளியும் சுழன்றால் அழுக்கு அங்கே. வழுக்கியை நகர்த்தப் புள்ளி நகர்ந்தால் வழுக்கியில். ஒடுக்கியை ஏற்றியிறக்க அது மங்கித் தெளிந்தால் ஒடுக்கியில் அல்லது மின்குமிழ் மூடியில். பொருள்வில்லையில் உள்ள அழுக்கு புள்ளியாகத் தெரியாது, விம்பம் முழுவதையும் புகைபோல மறைக்கும். புலத்தில் பிறைபோலக் கருமை தெரிந்தால் மூக்குத்துண்டு ‘கிளிக்’ ஆகவில்லை.

ஒரு மாரி முடிந்து அலுமாரியைத் திறந்தால் வில்லைக்குள் நூல்நூலாக ஏதோ. என்ன அது?

பூஞ்சணம். கண்ணாடியில் உள்ள தூசி, விரற்கொழுப்பு, பூச்சு இவற்றைப் பிடித்து வளர்கிறது. அது விடும் அமிலம் காலப்போக்கில் கண்ணாடியையே அரிக்கும். துடைத்தாலும் வடு நிற்கும். எமது பகுதியில் நுணுக்குக்காட்டிகள் விழுந்து உடைவதைவிட இப்படிப் பூட்டிவைத்தே கூடுதலாக அழிகின்றன என்பதே எங்கள் எண்ணம். பெறுமதியான பொருள் என்று பொலித்தீன் உறைபோட்டு, மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலுமாரிக்குள் பூட்டி, செயன்முறைப் பரீட்சைக்கு முதல்நாள் திறக்கிறோம். பூஞ்சணத்துக்கு இருட்டும், ஈரமும், அசையாத காற்றும்தான் தேவை. மூன்றையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் சாரீரப்பதன், அதாவது காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்ற அளவு, நாட்கணக்காக 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். 70க்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சணம் பெரும்பாலும் தலைதூக்காது. இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சூடு. அலுமாரியின் அடித்தட்டில் 15 அல்லது 25 வாற்று இழைக்குமிழ் ஒன்றைக் கருவிக்கு 20 சென்ரிமீற்றராவது விலகி எரியவிடுங்கள். மேலும் கீழும் சில துளைகள் வேண்டும். துணி, தாள் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. 28 பாகையில் சாரீரப்பதன் 85 சதவீதமாக உள்ள காற்றை 33 பாகைக்குச் சூடாக்கினால் அதே காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 64 ஆகிவிடும். ஐந்து பாகை போதும். எல்.ஈ.டி. குமிழ் இந்த வேலைக்கு ஆகாது, அதன் சூடு போதாது.

மற்றது, சிலிக்கா ஜெல். மின்சாரம் நம்பமுடியாத இடத்துக்கும் வீட்டுக்கும் இது. இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் கருவியோடு 200 கிராம் அளவு துணிப்பையில் போட்டு வையுங்கள். பெட்டி காற்றுப்புகாமல் இருக்க வேண்டும். அலுமாரியில் திறந்து வைத்த ஜெல் இரண்டு நாளில் நிறைந்துவிடும். நீலமணி இளஞ்சிவப்பானால் 120 பாகையில் இரண்டு மணிநேரம் சூடாக்கி நிறம் திரும்பியபின் மறுபடி பயன்படுத்தலாம். நீலநிறத்துக்குக் காரணமான கோபால்ற்றுக் குளோரைட்டு நஞ்சு. சமையற் சட்டியில் வறுக்க வேண்டாம், வெறுங்கையால் அள்ள வேண்டாம்.

வறுத்த அரிசி? மாத்தூள் சிந்தி அதுவே பூஞ்சணத்துக்குச் சோறாகிவிடும். தவிருங்கள்.

எல்லாவற்றையும்விட மேலானது, கிழமைக்கு ஒருதடவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. மூடுவதற்குப் பருத்தித் துணியுறை போதும்.

வில்லையை எதனால் துடைப்பது?

சேட் நுனி, சாறம், ரிசுப்பேப்பர் எதுவும் கூடாது. முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். உப்புக்காற்றில் வந்த நுண்மணலைத் துடைத்தால் அது கீறும். பிறகு வில்லைத்தாளை மடித்து, வில்லைக் கழுவியோ 70 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோலோ ஒரு சொட்டு நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி மெல்லத் துடையுங்கள். அற்ககோலை நேரே வில்லையில் ஊற்ற வேண்டாம்; சைலீன் வேண்டவே வேண்டாம், வில்லைகளை ஒட்டிய பசையை அது கரைக்கும். பொருள்வில்லையைப் பிரித்துத் திறக்கவும் வேண்டாம். உள்ளே பூஞ்சணம் என்றால் திருத்துநரிடம் கொடுப்பதே வழி.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் வானம் கறுத்தவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. நிலத்தொடுப்புள்ள மூன்றுமுனைப் பிளக்கையே பயன்படுத்துங்கள், ஈரக்கையால் தொடாதீர்கள். அணைக்குமுன் பிரகாசத்தைக் குறைத்தால் குமிழ் நீடிக்கும். ஹலஜன் குமிழை மாற்றும்போது ஆறவிட்டு, தாளால் பிடியுங்கள். விரற்கொழுப்பு பட்ட இடம் சூடேறி வெடிக்கும்.

தூக்குவதும் கொண்டுபோவதும்?

ஒரு கை கைப்பிடியில், மறுகை அடியின் கீழ், நிமிர்த்தியபடி. சரித்தால் பார்வைத்துண்டு வழுக்கி விழும். ஓட்டோவில் கொண்டுபோவதானால் 4 மடங்கு வில்லையை நடுவே நிறுத்தி, மேடையை முழுக்க இறக்கி, பார்வைத்துண்டைக் கழற்றித் தனியே சுற்றி, கருவியை மடியில் வையுங்கள். இருக்கையில் வைத்தால் முதலாவது பள்ளத்திலேயே தெரியும்.

கன்னக்கலம், குருதி, நுளம்புக் குடம்பி: எது பாதுகாப்பு?

கன்னக்கலம் பார்க்கலாம், அவரவர் சொந்தக் கலம் மட்டும். பயன்படுத்திய பஞ்சுக்குச்சியையும் வழுக்கியையும் 1 பங்கு வெளிற்றும் திரவத்துக்கு 9 பங்கு நீர் கலந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் போடுங்கள். பாடசாலையில் குருதி எடுக்க வேண்டாம், ஆயத்த வழுக்கியே போதும். நுளம்புக் குடம்பியை உயிரோடு போத்தலில் வைத்திருந்தால் சில நாளில் நுளம்பாகப் பறக்கும். சுடுநீர் ஊற்றிக் கொன்றபின் 4இல் பாருங்கள். டெங்கைப் பரப்பும் ஈடிசின் வாற்பக்கச் சுவாசக்குழாய் குட்டையானது, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசுக்கு அந்தக் குழாயே இல்லை.

டெங்கு வைரசைப் பார்க்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. அது ஏறத்தாழ 0.05 மைக்குரோமீற்றர், ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லையைவிட ஐந்து மடங்கு சிறியது.

உடைந்த மூடித்துண்டை விரலால் பொறுக்காதீர்கள். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

பழைய கருவி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பொருள்வில்லையைக் கழற்றிக் கவிழ்த்து, டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்துப் பின்பக்கமாக உள்ளே பாருங்கள். சிலந்திவலைபோலக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சணம், வாங்க வேண்டாம். மேடையை நடுவில் நிறுத்திக் கையை எடுங்கள். தானே கீழிறங்கினால் பெரிய திருகின் இறுக்கவளையம் தளர்ந்திருக்கிறது. அது சரிசெய்யக்கூடியது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். 40இல் ஒரு வழுக்கியைக் குவித்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள், குவியம் அப்படியே நிற்க வேண்டும். வில்லையின் நுனி பிளாஸ்ரிக் என்றால், பெட்டியில் எத்தனை மடங்கு என்று எழுதியிருந்தாலும் அது விளையாட்டுச் சாமான். 100 மடங்கு வில்லை இல்லாத, 4, 10, 40 மட்டும் சுத்தமாக உள்ள கருவி உயர்தர உயிரியலின் பெரும்பாலான செயன்முறைகளுக்குப் போதும்.